முடக்குவாதமும் தசை பலமும்: உடற்பயிற்சி பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

முடக்குவாதம் வந்தவர்களுக்குப் பயிற்சி சொல்லித்தரும் பிசியோதெரபிஸ்ட் நான். ஆங்கிலத்தில் ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ். சரவாங்கி என்று சொன்னால்தான் சிலருக்குப் புரியும், எல்லாம் ஒன்றுதான். என்னிடம் வருபவர்கள் எல்லோரும் மூட்டைப் பற்றித்தான் கேட்பார்கள். எக்ஸ்ரேயையும் ரத்தப் பரிசோதனைத் தாளையும் எடுத்து நீட்டுவார்கள். தொடை மெலிந்துபோனதைப் பற்றி யாரும் பேச மாட்டார்கள். ஆனால் "மூட்டு வலியால் எழுந்திருக்க முடியவில்லை" என்று சொல்பவர்களில் பலருக்குப் பாதிப் பிரச்சினை தசையில் இருக்கிறது. அதைச் சரிசெய்ய முடியும் என்பதால்தான் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

முடக்குவாதம் மூட்டு நோய்தானே? தசைக்கு என்ன சம்பந்தம்?

நோய் வெளியே தெரிவது மூட்டில். நடப்பது உடல் முழுக்க. நோய் எதிர்ப்பு மண்டலம் மூட்டின் உள்சவ்வைத் தாக்கும்போது டிஎன்எஃப், இன்டர்லூக்கின்-1, இன்டர்லூக்கின்-6 போன்ற, அழற்சியை (வீக்கம், சூடு, வலியை) கிளப்பும் பொருட்கள் ரத்தத்தில் கூடுகின்றன. அவை தசைக்கும் போய்ச் சேருகின்றன. தசையில் உள்ள புரதம் வேகமாக உடைகிறது, புதிதாகச் சேர்வது மந்தமாகிறது. இது ஒரு பக்கம். வலிக்குப் பயந்து நடமாட்டம் குறைவது இன்னொரு பக்கம். அப்புறம் பசியின்மை, தூக்கமின்மை, சிலருக்கு ஸ்டீராய்டு மாத்திரை. இவை எல்லாம் ஒன்று சேர்ந்து தசையைக் கரைக்கின்றன.

அதே வயதில் உள்ள ஆரோக்கியமானவர்களோடு ஒப்பிட்டால், முடக்குவாதம் உள்ளவர்களின் தசை பலம் கால்வாசி முதல் பாதி வரை குறைவாக இருப்பதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. நோய் கடுமையானால் இழப்பு அதற்கும் மேலே போகும். நடை, சைக்கிள் போன்றவற்றுக்கு வேண்டிய இதய, நுரையீரல் திறனும் 20 முதல் 30 சதவீதம் வரை குறைந்திருப்பது சாதாரணம். பஸ் படியில் கால் வைத்ததும் கம்பியைப் பிடித்து உடம்பை இழுக்க வேண்டியிருக்கிறது என்றால், அங்கே முட்டி மட்டும் குற்றவாளி இல்லை.

என் எடை குறையவே இல்லை. அப்படியிருக்கத் தசை எப்படிக் குறைந்திருக்கும்?

இதுதான் பலரை ஏமாற்றும் இடம். தசை கரையும்போது அந்த இடத்தைக் கொழுப்பு நிரப்பிவிடுகிறது. எடை காட்டும் முள் அசையாது. சிலருக்கு எடை கூடவும் செய்யும். வயிறு முன்னால் வரும், தொடையும் புட்டமும் தளரும், கையில் பெருவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே உள்ள சதை குழி விழும்.

மூட்டு நோயோடு தசையும் தேய்வதை ஜேம்ஸ் பேஜட் என்ற ஆங்கிலேய அறுவை மருத்துவர் 1873-லேயே எழுதியிருக்கிறார். நூறு வருடத்துக்கு மேல் அதை யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. 1990-களில் அமெரிக்காவில் உடலின் தசை அளவை அளந்து பார்த்த பிறகுதான், மெலியாத நோயாளிகளிடமும் இது நடக்கிறது என்பது தெளிவானது. அதனால் எடையை மட்டும் பார்த்து நிம்மதியடையாதீர்கள்.

மிச்சமிருக்கும் தசை கெட்டுப்போன தசையா? அதற்குப் பயிற்சி கொடுத்துப் பயன் உண்டா?

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்வதில் எனக்கு எப்போதும் சந்தோஷம். வேல்ஸ் நாட்டில் பாங்கர் பல்கலைக்கழகத்தில் ஒரு குழு இதைத்தான் ஆராய்ந்தது. 2010-ல் அவர்கள் வெளியிட்ட முடிவு: நோய் கட்டுக்குள் இருக்கும் முடக்குவாதக்காரர்களின் தொடைத்தசை அளவில் சிறியதாக இருக்கலாம், ஆனால் இருக்கும் தசை, அளவுக்கு அளவு, ஆரோக்கியமானவர்களின் தசை போலவே வேலை செய்கிறது. நரம்பு அதைத் தூண்டும் திறனும் குறையவில்லை. சரக்கு குறைந்திருக்கிறது, தரம் குறையவில்லை. பயிற்சிக்கு அது வளரும்.

முட்டி வீங்கியிருக்கும்போது நடந்தால் கால் திடீரென்று மடங்குகிறது. ஏன்?

கட்டிலில் காலை நீட்டிப் படுக்கச் சொல்வேன். முட்டிக்குக் கீழே ஒரு துண்டைச் சுருட்டி வைத்து, "இதை முட்டியால் கீழே அழுத்துங்கள்" என்பேன். முட்டிச்சில்லுக்கு மேலே உள்பக்கம் ஒரு தசை இருக்கிறது. அதன் மேல் என் விரல்களை வைத்திருப்பேன். நல்ல காலில் அது உடனே கல் மாதிரி இறுகும். நீர் கோத்த முட்டி உள்ள காலில், அவர் பல்லைக் கடித்துக்கொண்டு அழுத்தினாலும் விரலுக்குக் கீழே லேசான ஒரு அசைவுதான் வரும். "அழுத்துகிறேனே" என்பார். அவர் சொல்வது உண்மை. மூளை கட்டளை அனுப்புகிறது, ஆனால் வழியில் தண்டுவடம் அதைத் தடுத்துவிடுகிறது.

மூட்டுக்குள் நீர் சேர்ந்தால், மூட்டின் சவ்வு விரிந்து அங்குள்ள நரம்புகள் தொடைத்தசையை அடக்கச் சொல்லி சமிக்ஞை அனுப்பும். ஆரோக்கியமானவர்களின் முட்டிக்குள் வேண்டுமென்றே உப்புநீரைச் செலுத்திச் சோதித்திருக்கிறார்கள். 20, 30 மில்லி போனதுமே அந்த உள்பக்கத் தசை சோர ஆரம்பித்தது. வலியே இல்லாதபோதும் இது நடந்தது. அதனால் வீங்கிய முட்டியோடு "மனசு வைத்தால் முடியும்" என்று யாரையும் அதட்டாதீர்கள். முதலில் வீக்கத்தை இறக்க வேண்டும். மருந்து, ஐஸ் ஒத்தடம், தேவைப்பட்டால் மருத்துவர் நீரை எடுப்பது. அதோடு இந்தத் துண்டுப் பயிற்சியை ஒரு நாளைக்குப் பல தடவை செய்தால், தசை முழுவதும் தூங்கிவிடாமல் இருக்கும்.

மருந்து நன்றாக வேலை செய்கிறது. ரத்தத்தில் அழற்சியைக் காட்டும் இஎஸ்ஆர், சிஆர்பி அளவு எல்லாம் இறங்கிவிட்டது. பலம் தானாகத் திரும்பாதா?

திரும்பாது. இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் மருந்தைத் தவறாமல் சாப்பிடுபவர்களே இங்கேதான் நின்றுவிடுகிறார்கள்.

மருந்து முதல் தேவை. அழற்சி எரிந்துகொண்டிருக்கும்போது பயிற்சியால் மட்டும் ஒன்றும் ஆகாது. நோயை அடக்கும் மருந்துகளான மெத்தோட்ரெக்சேட்டையோ பயாலஜிக் ஊசியையோ விட்டுவிட்டு உடற்பயிற்சி செய்கிறேன் என்று சொல்பவர்களை நான் திருப்பி மருத்துவரிடம் அனுப்புவேன். ஆனால் மருந்து செய்வது இழப்பை நிறுத்துவதுதான். போனதைத் திருப்பித் தருவது அதன் வேலை இல்லை. பாங்கர் குழுவினர் இதையும் பார்த்தார்கள். நவீன முறைப்படி நோயை இறுக்கமாகக் கட்டுப்படுத்தி வைத்திருந்த நோயாளிகளிடமும் தசை குறைவு, கொழுப்பு அதிகம், எழுந்து நடக்கும் திறன் குறைவு ஆகியவை அப்படியே இருந்தன. 2016-ல் அது வெளியானது. டிஎன்எஃப்பைத் தடுக்கும் ஊசி போட்டுக்கொண்டவர்களிடம் முன்னதாக நடந்த ஒரு சிறிய ஆய்விலும், அந்த ஊசியால் மட்டும் தசை கூடவில்லை.

தசை வளர அதற்குப் பாரம் வேண்டும். வேறு குறுக்கு வழி இல்லை.

பாரம் தூக்கினால் மூட்டு தேய்ந்துவிடாதா? "ஓய்வெடு" என்றுதானே எல்லோரும் சொல்கிறார்கள்?

அந்தப் பயம் எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். ஒரு காலத்தில் மருத்துவர்களே முடக்குவாதக்காரர்களை ஆஸ்பத்திரியில் வாரக்கணக்கில் படுக்க வைத்தார்கள், மூட்டுகளுக்கு அணை கட்டி அசையாமல் வைத்தார்கள். இன்றுள்ள மருந்துகள் அப்போது கிடையாது. மருத்துவம் மாறிவிட்டது, பேச்சு வழக்கில் அந்த அறிவுரை மட்டும் தங்கிவிட்டது.

மூட்டு தேயுமா என்பதைச் சோதித்த முக்கியமான ஆய்வு நெதர்லாந்தில் நடந்தது. சுமார் 300 நோயாளிகள். பாதிப் பேர் வழக்கமான சிகிச்சையில் இருந்தார்கள். மீதிப் பேர் இரண்டு ஆண்டுகள், வாரத்துக்கு இரண்டு முறை, ஒவ்வொரு முறையும் ஒன்றேகால் மணி நேரம் பயிற்சி செய்தார்கள். அது லேசான பயிற்சி இல்லை. 20 நிமிடம் சைக்கிள், 20 நிமிடம் பாரத்தோடு தசைப் பயிற்சி, 20 நிமிடம் பந்து விளையாட்டு மாதிரியான ஆட்டம். முதல் முடிவுகள் 2003-ல் வந்தன. பயிற்சி செய்தவர்களுக்கு பலமும் மூச்சுத் திறனும் கூடின. அன்றாட வேலைகள் சுலபமாயின. இடுப்பு எலும்பின் அடர்த்தி குறைவது மந்தமானது. நோயின் வேகம் கூடவில்லை. கை, கால் சிறு மூட்டுகளின் எக்ஸ்ரேயில் மற்றவர்களைவிட அதிகச் சேதம் இல்லை.

ஒரு எச்சரிக்கையும் அதில் உண்டு, அதை மறைக்கக் கூடாது. இடுப்பு, முட்டி, தோள் போன்ற பெரிய மூட்டுகளில் ஏற்கெனவே நிறையச் சேதம் இருந்தவர்களில் சிலருக்கு, சேதம் கொஞ்சம் கூடுதலாக முன்னேறியது. உங்கள் பெரிய மூட்டு ஒன்று ஏற்கெனவே கெட்டிருக்கிறது என்று எக்ஸ்ரே சொன்னால், அந்த மூட்டுக்கு மட்டும் குதிப்பு, ஓட்டம், கனமான பாரம் வேண்டாம். தண்ணீரில் நடப்பது, சைக்கிள், அசையாமல் தசையை மட்டும் இறுக்கும் பயிற்சி போதும். மற்ற மூட்டுகளுக்கு இந்தத் தடை இல்லை. ஒரு முட்டி போய்விட்டது என்பதற்காக உடம்பு முழுவதையும் உட்கார வைப்பதுதான் நான் அடிக்கடி பார்க்கும் தவறு.

பின்லாந்தில் 70 பேரிடம் நடந்த இன்னொரு ஆய்வும் எனக்குப் பிடித்தது, ஏனென்றால் அது வீட்டிலேயே நடந்தது. நோய் புதிதாக வந்தவர்கள். அவர்களில் பாதிப் பேர் ரப்பர் பட்டை, டம்பெல் வைத்துக்கொண்டு வாரம் இரண்டு முறை, இரண்டு ஆண்டுகள் தசைப் பயிற்சி செய்தார்கள். தசைக்குத் தசை வித்தியாசப்பட்டாலும் பலம் 19 முதல் 59 சதவீதம் வரை கூடியது. மூட்டுச் சேதம் இரண்டு பிரிவிலும் குறைவாகவே இருந்தது.

நாள் முழுக்க வீட்டு வேலை செய்கிறேன். அது போதாதா?

பெண்கள் கேட்கும் முதல் கேள்வி இது. முடக்குவாதம் ஆண்களைவிடப் பெண்களுக்கு இரண்டு, மூன்று மடங்கு அதிகமாக வருவதால், அடிக்கடி கேட்கும் கேள்வியும் இதுதான்.

வீட்டு வேலையில் உடம்பு களைக்கும், மறுக்கவில்லை. ஆனால் அதில் பாரம் விழும் இடத்தைப் பாருங்கள். துணி பிழிவது மணிக்கட்டை முறுக்குகிறது. குக்கரை ஒரு கையால் தூக்குவது விரல்களைப் பக்கவாட்டில் தள்ளுகிறது. கத்தியை அழுத்திப் பிடிப்பது, சப்பாத்தி தேய்ப்பது எல்லாமே ஏற்கெனவே வலிக்கும் சிறு மூட்டுகளின் மேல்தான். தொடை, புட்டம், முதுகு, தோள் ஆகிய பெரிய தசைகளுக்கு நிற்பதைத் தவிர வேலையில்லை. வேலை தினமும் அதே அளவு, கூடுவதும் இல்லை. அப்படிப்பட்ட உழைப்பில் தசை வளராது.

ஆகவே வீட்டு வேலையைக் குறைத்துப் பயிற்சிக்கு நேரம் எடுங்கள் என்றுதான் சொல்வேன். குடும்பத்தில் உள்ள மற்றவர்கள் இந்த வரியைப் படிக்க வேண்டும். துணியை வேறு யாராவது பிழியட்டும்.

எனக்குத் தசை குறைந்திருக்கிறதா என்று வீட்டிலேயே கண்டுபிடிக்கலாமா?

ஓரளவுக்கு முடியும். கைப்பிடி இல்லாத, உறுதியான நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போடுங்கள். கைகளை மார்பின் குறுக்கே கட்டிக்கொள்ளுங்கள். ஐந்து முறை முழுதாக எழுந்து, முழுதாக உட்காருங்கள். ஆசிய நாடுகளின் வல்லுநர் குழு 2019-ல் வகுத்த அளவுகோல்படி, இதற்கு 12 விநாடியோ அதற்கு மேலோ ஆனால் தசைத் திறன் குறைவு என்று அர்த்தம். கைப்பிடி பலத்துக்கும் அவர்கள் எல்லை சொல்லியிருக்கிறார்கள்: பெண்களுக்கு 18 கிலோ, ஆண்களுக்கு 28 கிலோ. ஆனால் விரல் வீங்கியிருக்கும்போது அந்தக் கருவியை அழுத்தினால் அளக்கப்படுவது வலிதான். அதனால் நான் நாற்காலியைத்தான் நம்புவேன், முட்டி நன்றாக இருக்கும் வரை.

கை ஊன்றாமல் ஒரு தடவைகூட எழ முடியவில்லையா? பரவாயில்லை. அதுதான் உங்கள் ஆரம்பப் புள்ளி. தேதியோடு எழுதி வையுங்கள்.

எங்கிருந்து ஆரம்பிப்பது? எவ்வளவு பாரம்?

முதல் இரண்டு வாரம் பழகுவதற்கு மட்டும். நாற்காலியில் ஒரு தலையணை போட்டு உயரத்தைக் கூட்டி, அதிலிருந்து எழுந்து உட்காருவது. சுவரில் உள்ளங்கையை ஊன்றி, அது வலித்தால் முன்கையை ஊன்றித் தள்ளுவது. நாற்காலியில் உட்கார்ந்து ஒரு காலை நீட்டி ஐந்து எண்ணும் வரை நிறுத்துவது. சுவரைப் பிடித்துக்கொண்டு குதிகாலை உயர்த்துவது. மல்லாந்து படுத்து, முட்டியை மடக்கி, இடுப்பைத் தூக்குவது. இந்த ஐந்தும் பெரிய தசைகளைத் தொட்டுவிடும். ஒவ்வொன்றும் எட்டிலிருந்து பத்து முறை, வாரத்தில் இரண்டு அல்லது மூன்று நாள், நடுவில் ஒரு நாளாவது இடைவெளி.

அதற்குப் பிறகுதான் உண்மையான வேலை. பத்தாவது முறை முடிக்கும்போது "இன்னும் இரண்டு தடவை வேண்டுமானால் முடியும், அதற்கு மேல் முடியாது" என்ற நிலை வர வேண்டும். இருபது தடவை சிரித்துப் பேசிக்கொண்டே செய்ய முடிகிறது என்றால் பாரம் போதவில்லை. தலையணையை எடுத்துவிடுங்கள். அப்புறம் கணுக்காலில் அரை கிலோ எடைப் பட்டை, அப்புறம் ஒரு கிலோ. எழும்போது முதுகில் ஒரு பையை மாட்டி அதில் ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில் வைக்கலாம். விரலால் டம்பெல்லைப் பிடிக்க முடியாதவர்களுக்கு மணிக்கட்டில் கட்டும் எடைப் பட்டைதான் நல்லது.

வசதி இருந்தால் ஜிம்முக்கும் போகலாம். பாங்கரில் 28 பேரை இரண்டாகப் பிரித்து நடத்திய ஒரு சோதனையில், ஒரு பிரிவினர் 24 வாரம், வாரம் இருமுறை, ஒரே தடவை தூக்கக்கூடிய அதிகபட்ச எடையில் 80 சதவீதம் வரை ஏற்றிப் பயிற்சி செய்தார்கள். கை கால்களில் ஒரு கிலோவுக்கு மேல் தசை கூடியது, உடலின் நடுப்பகுதியில் கொழுப்பு குறைந்தது, அரை நிமிடத்தில் நாற்காலியிலிருந்து எழும் எண்ணிக்கை ஏறக்குறைய 30 சதவீதம் உயர்ந்தது. நோய் மோசமாகவில்லை. ஆனால் அது மேற்பார்வையில் நடந்தது. ஜிம் பயிற்சியாளரிடம் உங்கள் நோயைச் சொல்லுங்கள், முதல் சில மாதங்கள் பிசியோதெரபிஸ்ட் ஒருவரின் கண்ணில் இருங்கள்.

எந்த நேரத்தில் செய்வது?

காலையில் விரல்கள் இறுகிக் கிடக்கும்போது வேண்டாம். வெந்நீரில் குளித்து, இறுக்கம் விட்டபிறகு. பலருக்கு முற்பகல் அல்லது மாலை நான்கு, ஐந்து மணி ஒத்துவருகிறது. வாரம் ஒரு நாள் மெத்தோட்ரெக்சேட் எடுப்பவர்களில் சிலருக்கு மறுநாள் உடம்பு அடித்துப்போட்ட மாதிரி இருக்கும். அந்த நாளைப் பயிற்சி அட்டவணையிலிருந்து எடுத்துவிடுங்கள்.

கை விரல்களுக்குத் தனிப் பயிற்சி உண்டா?

உண்டு, நன்றாகச் சோதிக்கப்பட்டது. பிரிட்டனில் 490 பேரைக் கொண்டு நடந்த ஆய்வில் 12 வாரம் கைப் பயிற்சி கற்றுக்கொடுத்தார்கள். விரல், மணிக்கட்டை முழுதாக அசைக்கும் பயிற்சிகளும், ரப்பர் பட்டை, மாவு போன்ற பசை ஆகியவற்றை எதிர்த்து இழுக்கும், அழுத்தும் பயிற்சிகளும் அதில் இருந்தன. ஓராண்டு கழித்துப் பார்த்தபோது வழக்கமான சிகிச்சையில் இருந்தவர்களைவிட இவர்களின் கை நன்றாக வேலை செய்தது, வலியும் கூடவில்லை. 2015-ல் அது வெளியானது.

கடையில் விற்கும் ஸ்பிரிங் கைப்பிடியை வாங்கி இறுக்கி இறுக்கி அழுத்துவது மட்டும் வேண்டாம். விரல்கள் சுண்டுவிரல் பக்கம் சாய்வதற்கு அது துணைபோகும். ஒரு விரலை நிமிர்த்தவே முடியாமல் திடீரென்று தொங்கிவிட்டால், அது தசைநாண் (தசையை எலும்போடு இணைக்கும் நார்) அறுந்த அறிகுறியாக இருக்கலாம். பயிற்சியை நிறுத்திவிட்டு உடனே மருத்துவரைப் பாருங்கள்.

கொஞ்சம் நடந்தாலே மூச்சு வாங்குகிறது. நடக்கலாமா?

முதலில் காரணம் தெரிய வேண்டும். முடக்குவாதம் உள்ளவர்களுக்கு இதய நோய் வரும் ஆபத்து மற்றவர்களைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. நுரையீரலிலும் தழும்பு விழலாம். ரத்தசோகையும் இந்த நோயில் சகஜம். அதனால் புதிதாக வந்த மூச்சிரைப்பு, வறட்டு இருமல், மார்பில் அழுத்தம் இருந்தால் பயிற்சிக்கு முன் மருத்துவரிடம் போக வேண்டும்.

அவை எல்லாம் இல்லை, வெறும் பழக்கக் குறைவுதான் என்று தெரிந்துவிட்டால், நடை மிக நல்ல மருந்து. பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. அந்த வேகம் போதும். பொதுமக்களுக்குச் சொல்லப்படும் வாரம் 150 நிமிடம் என்ற இலக்கு உங்களுக்கும் பொருந்தும் என்று ஐரோப்பிய வாதநோய் மருத்துவர்களின் கூட்டமைப்பு 2018-ல் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. ஒரே மூச்சில் வேண்டாம். ஐந்து நிமிடமாக ஆரம்பித்து நாளைக்கு மூன்று முறை நடங்கள். பாதம் வலிக்கிறவர்கள் வீட்டுக்குள்ளும் மெத்தென்ற செருப்பைப் போட்டுக்கொள்ளுங்கள். நடக்கவே முடியாதவர்களுக்கு அசையாச் சைக்கிள்.

பயிற்சிக்குப் பிறகு வலி வந்தால்?

இரண்டு வலி இருக்கிறது. தொடையின் சதையில், மறுநாள் வந்து இரண்டொரு நாளில் போகும் வலி தசை வேலை செய்ததற்கான அடையாளம். அதற்குப் பயப்பட வேண்டாம். மூட்டுக்குள் வரும் வலி வேறு. பயிற்சி முடிந்து இரண்டு மணி நேரம் ஆன பிறகும் மூட்டு வலி வழக்கத்தைவிட அதிகமாக இருந்தால், மூட்டு சூடாகி வீங்கினால், அடுத்த முறை பாரத்தையோ எண்ணிக்கையையோ பாதியாக்குங்கள். பாதியாக்கச் சொல்கிறேன், நிறுத்தச் சொல்லவில்லை.

நோய் முழுமூச்சில் கிளம்பி, பல மூட்டுகள் வீங்கி, காய்ச்சல் மாதிரி இருக்கும் நாட்களில் பாரம் வேண்டாம். அந்த நாட்களிலும் ஒவ்வொரு மூட்டையும் ஒரு தடவையாவது முடிந்த தூரம் அசைத்துவிடுங்கள், அசையாமல் தசையை இறுக்கி விடும் பயிற்சியைச் செய்யுங்கள். ஒரே ஒரு மூட்டு மட்டும் திடீரென்று சிவந்து, கொதித்து, குளிர்காய்ச்சலும் வந்தால் அது கிருமித் தொற்றாக இருக்கலாம். காலை வரை காத்திருக்கக் கூடாது.

யோகா செய்யலாமா?

செய்யலாம், கழுத்தைப் பார்த்துக்கொண்டு. முடக்குவாதம் கழுத்தின் முதல் இரண்டு எலும்புகளுக்கு இடையிலுள்ள பிணைப்பைத் தளர்த்தக்கூடும். நீண்ட நாள் நோய் உள்ளவர்கள் சிரசாசனம், சர்வாங்காசனம், ஹலாசனம் மூன்றையும் விட்டுவிட வேண்டும். பின்தலையில் வலி, கைகளில் மின்சாரம் பாய்வது போன்ற உணர்வு, நடையில் தள்ளாட்டம் இருந்தால் கழுத்தை எக்ஸ்ரே எடுக்காமல் எந்தப் பயிற்சியும் வேண்டாம். உள்ளங்கையை ஊன்றி எடையைத் தாங்கும் ஆசனங்களில் மணிக்கட்டு கெடும், முன்கையை ஊன்றிக்கொள்ளலாம். யோகா வளைவுக்கும் மன அமைதிக்கும் நல்லது. தசை வளர்க்க அது மட்டும் போதாது.

ஸ்டீராய்டு சாப்பிடுவதால் தசை போய்விடுமா?

அதிக அளவில், நீண்ட நாள் சாப்பிட்டால் போகும். குறிப்பாகத் தொடை, இடுப்பு, தோள் தசைகள். வலி இருக்காது, தலை சீவக் கை தூக்க முடியாது, தரையிலிருந்து எழ முடியாது. அப்படித் தோன்றினால் மருத்துவரிடம் சொல்லுங்கள். ஆனால் பிரெட்னிசலோன் போன்ற ஸ்டீராய்டு மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். திடீரென்று நிறுத்தினால் ரத்த அழுத்தம் விழுந்து உயிருக்கே ஆபத்தாகலாம். மருத்துவர்தான் படிப்படியாகக் குறைக்க வேண்டும். தைராய்டு, வைட்டமின் டி குறைவு, கொழுப்புக்கான ஸ்டாட்டின் மாத்திரை ஆகியவையும் தசையைப் பலவீனமாக்கும். ஒரு ரத்தப் பரிசோதனையில் இவற்றில் பலவும் தெரிந்துவிடும்.

சாப்பாட்டில் என்ன மாற்ற வேண்டும்?

புரதம். ஆரோக்கியமான பெரியவருக்கு ஒரு கிலோ உடல் எடைக்கு 0.83 கிராம் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் சொல்கிறது. தசையை மீட்க நினைப்பவர்களுக்கு 1 முதல் 1.2 கிராம் வரை தேவைப்படும். 60 கிலோ எடையுள்ளவர் என்றால் 60 முதல் 72 கிராம். நம் வழக்கமான நாளைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். காலையில் மூன்று இட்லி, சட்னி. மதியம் சாதம், ரசம், ஒரு பொரியல். இரவு தோசை. இதில் 30 கிராம் தேறுவதே கஷ்டம். ஒரு முட்டையில் 6 கிராம், ஒரு டம்ளர் பாலில் 6 கிராம், ஒரு கிண்ணம் கொண்டைக்கடலைச் சுண்டலில் 12 கிராம் அளவுக்குக் கிடைக்கும். மீன் சாப்பிடுபவர்களுக்குக் கணக்கு சுலபம். காலை உணவில் ஒன்றைச் சேருங்கள், அங்கேதான் பெரும்பாலும் காலியாக இருக்கிறது. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் மருத்துவரைக் கேட்டுவிட்டுக் கூட்டவும்.

தசை வளர என்று விற்கும் கிரியேட்டின் பவுடர் சாப்பிடலாமா?

சோதித்திருக்கிறார்கள். 12 வாரத்தில் தசை கொஞ்சம் கூடியது, பலமும் செயல்திறனும் கூடவில்லை. அந்தப் பணத்துக்கு முட்டை வாங்கலாம்.

எனக்கு 70 வயது. இனிமேலா?

ஆமாம், இனிமேல்தான். எழுபதிலும் தசை பயிற்சிக்கு வளரும். விழாமல் இருப்பதற்குப் பக்கத்தில் பிடித்துக்கொள்ள மேசை இருக்கட்டும், ரத்த அழுத்தத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள், மூச்சை அடக்கித் தூக்காதீர்கள்.

அம்மாவுக்கு முடக்குவாதம். வீட்டில் நாங்கள் என்ன செய்ய வேண்டும்?

அன்பு காட்டுவதாக நினைத்து எல்லாவற்றையும் கையில் கொண்டுபோய்க் கொடுக்கிறோம். "நீ உட்காரும்மா" என்று தண்ணீர், காபி, மாத்திரை, ரிமோட் எல்லாம் அவர் இடத்துக்கே வருகின்றன. ஆறு மாதம் இப்படிப் போனால் அவர் உண்மையாகவே எழ முடியாதவர் ஆகிவிடுவார். முறுக்கும், இறுக்கும், கனமாகத் தூக்கும் வேலைகளை வாங்கிக்கொள்ளுங்கள். எழுந்து நடக்கும் வேலைகளை அவரிடமே விடுங்கள். நாற்காலியின் உயரத்தைக் கூட்டுங்கள். மாலையில் அவரோடு நீங்களும் எழுந்து உட்காருங்கள், எண்ணுங்கள். தனியாகச் செய்யச் சொன்னால் செய்யமாட்டார், கூடச் செய்தால் செய்வார்.

அம்மா "அசதி" என்று சொன்னால் அதைச் சோம்பல் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். இந்த நோயின் அசதி தூங்கினாலும் போகாத அசதி. பயிற்சி அதைக் குறைக்கும், ஆனால் முதல் சில வாரம் கூட்டுவது போலத்தான் இருக்கும். அந்த வாரங்களில்தான் பலர் விட்டுவிடுகிறார்கள், அப்போதுதான் பக்கத்தில் ஆள் தேவை.

பலம் வந்துவிட்டது. நிறுத்தலாமா?

பாங்கரில் 24 வாரம் பயிற்சி செய்தவர்களைச் சுமார் மூன்று ஆண்டுகள் கழித்துத் திரும்பக் கூப்பிட்டு அளந்தார்கள். அவர்கள் கடும் பயிற்சியை விட்டு வழக்கமான வாழ்க்கைக்குத் திரும்பியிருந்தார்கள். கூடிய தசையும் பலமும் போய்விட்டன. குறைந்த கொழுப்பிலும் நடையின் வேகத்திலும் மட்டும் நல்ல பங்கு மிஞ்சியிருந்தது. ஆகவே நிறுத்த முடியாது, குறைத்துக்கொள்ளலாம். பலம் வந்தபிறகு வாரத்தில் ஒரு நாள், அதே பாரத்தோடு செய்தாலே பெரும்பகுதியைக் காப்பாற்றலாம். பாரத்தைக் குறைத்து நாட்களைக் கூட்டுவது இதற்கு உதவாது.

நடுவில் நோய் கிளம்பியோ, சளி காய்ச்சல் வந்தோ, ஊருக்குப் போயோ இரண்டு மூன்று வாரம் விட்டுப்போகும். எல்லோருக்கும் போகும். திரும்ப ஆரம்பிக்கும்போது விட்ட இடத்தில் பிடிக்காதீர்கள். பழைய பாரத்தில் பாதியை வைத்து முதல் வாரம், முக்கால் பங்கில் இரண்டாவது வாரம், மூட்டு அமைதியாக இருந்தால் மூன்றாவது வாரம் பழைய இடம். அன்றைக்கே நாற்காலியில் ஐந்து முறை எழுந்து உட்கார்ந்து, எத்தனை விநாடி என்று தேதியோடு எழுதிக்கொண்டு, அடுத்த முறை வாதநோய் மருத்துவரைப் பார்க்கப் போகும்போது ரத்தப் பரிசோதனைத் தாளோடு அதையும் எடுத்துப் போங்கள்.